ட்ராப்பிஸ்ட்-1 கோள்தொகுதி

கும்ப விண்மீன் கூட்டத்தின் திசையில், ஏறத்தாழ 40 ஒளியாண்டு தொலைவில் உள்ள ட்ராப்பிஸ்ட்-1 ஒரு செங்குறுமீன், அதாவது நிறையிலும் வெப்பத்திலும் குறைந்து செந்நிறமாய் மங்கி ஒளிரும் சிறு விண்மீன் ஆகும். சூரியனின் நிறையில் 9 சதவீதமே கொண்ட இது பருமனில் வியாழனைச் சற்றே விஞ்சுவது. இதனைப் பூமியை ஒத்த பருமனுடைய ஏழு கோள்கள் சுற்றுகின்றன.

கோளொன்று தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கையில் ஒளி சிறிது மங்குவதைக் கடப்பு என்பர். சூரியனைப் பூமி கடந்தால் மறையும் ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. விண்மீன் சிறியதாயிருப்பதால் இங்கோ நூற்றில் முக்கால் பங்கு வரை மறைகிறது. 2016 மே மாதம் பெல்ஜியத்தின் மிஷேல் கியோன் குழுவினர் மூன்று கோள்களை அறிவித்தனர். அதற்கான அவதானிப்பில் லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீற்றர் உயரத்திலுள்ள இமயச் சந்திரா தொலைநோக்கியும் பங்கேற்றது. மூன்றாவதாக எண்ணப்பட்டது உண்மையில் பல கோள்களின் கடப்புகள் கலந்த தோற்றமே என்பது, ஏழு கோள்களும் அறிவிக்கப்பட்ட 2017 பெப்ரவரியில் தெளிவாயிற்று.

நுவரெலியாக் குளிரில் கொழுந்துவிட்டெரியும் அடுப்புக்குத் தள்ளியிருந்தும் குளிர்காயலாம். தணல் மட்டும் மிஞ்சிய அடுப்பையோ ஒட்டி அமரவேண்டும். அதுபோலவே, நீர் திரவமாய் நிலைக்கக்கூடிய வாழ்தகு மண்டலம் இங்கு விண்மீனை நெருங்கியுள்ளது. உட்கோள் ஒன்றரை நாளிலும், கடைக்கோள் 19 நாளுக்குள்ளும் சுற்றிவிடுகின்றன. இவ்வளவு நெருக்கத்தில் ஈர்ப்பு கோளின் சுழற்சியைக் கட்டிப்போடுவதால், ஒரு பக்கம் நிரந்தரப் பகலாகவும் மறுபக்கம் ஓயாத இரவாகவும் இருக்கக்கூடும். இ, எஃப், ஜி எனப்படும் மூன்று கோள்கள் அம்மண்டலத்தில் அமைந்தாலும், அவற்றில் நீர் உண்டென்பது அதனாலேயே உறுதியாகிவிடாது. உட்கோளான பியின் பகற்பக்கம் சுமார் 230 பாகை செல்சியஸ் என்றும், அதற்குக் கனத்த வளிமண்டலம் இல்லை என்றும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 2023ஆம் ஆண்டு அளவீடுகள் காட்டின.

மலையகத்தில் இவ்விண்மீன் ஒக்டோபர் முன்னிரவில் உச்சிக்குச் சற்றுத் தெற்கே வந்தாலும், வெறுங்கண்ணுக்குப் புலப்படாது, முகிலும் விலகுவதரிது. வானம் வெளுத்து உறைபனி விழும் பெப்ரவரி இரவுகளிலோ கும்பம் சூரியனுடன் மறைந்துவிடுகிறது. ஆயினும் அம்மாத இறுதியில், பிரட்டுக்களத்தில் ஆள் கூடுமுன், விடியாத தென்வானில் அல்பா சென்டாரி ஒளிர்கிறது. அதிலிருந்து நான்கு முழுநிலா அகலம் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செங்குறுமீனான புரொக்சிமாவும், 11 நாளுக்கொரு முறை அதைச் சுற்றும் கோளும் உள்ளன.