சொல் தவறிய அவை

வட அமெரிக்காவின் தென்சமவெளியில் குதிரையேற்றத்தால் புகழ்பெற்றோர் கொமாஞ்சி மக்கள். காட்டெருமை வேட்டையே அவர்தம் வாழ்வு. அந்நிலத்தின் எல்லையில் டெக்சாஸ் குடியேறிகள் ஏரும் துப்பாக்கியுமாக முன்னேறியபோது பகை மூண்டது. கொமாஞ்சியர் குடியிருப்புகளைத் தாக்கிப் பெண்களையும் சிறாரையும் சிறைகொண்டனர். டெக்சாஸ் படையினர் அவர்தம் பாளையங்களைத் தாக்கினர். கொடுமை ஒருபுறத்தது மட்டுமன்று.

ஆயினும் அப்பகையை ஆறாத வடுவாக்கியது போர்க்களமன்று, ஓர் அவையே. 1840 மார்ச் 19 அன்று சான் அன்டோனியோ நகருக்குப் பெனடேக்கா பிரிவின் 12 தலைவர்கள் மனைவி மக்களுடன் சமாதானம் பேச வந்தனர். சிறைப்பட்டோர் அனைவரையும் ஒப்படைக்க வேண்டும் என்றது டெக்சாஸ் தரப்பு. வந்தோர் அழைத்து வந்ததோ சிலரை மட்டுமே. கொமாஞ்சியருக்குப் பொதுவான அரசன் இல்லை. ஒரு பிரிவின் தலைவன் சொல் மற்றொரு பிரிவைக் கட்டுப்படுத்தாது. இதனை உணராத அதிகாரிகள், தலைவர்களைப் பிணையாகப் பிடித்துவைக்க முன்னரே திட்டமிட்டிருந்தனர். அச்செய்தியை மொழிபெயர்க்கவே மொழிபெயர்ப்பாளர் அஞ்சினார். சொல்லி முடித்ததும் வெளியேறினார். தொடர்ந்த மோதலில் 12 தலைவர்களும் மடிந்தனர். பெண்கள், சிறார் உட்படக் கொமாஞ்சியர் 35 பேரும், டெக்சாஸ் தரப்பில் 7 பேரும் உயிரிழந்தனர்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே பழி திரும்பியது. 'எருமைத்திமில்' எனப் பொருள்படும் பெயரால் அறியப்பட்ட தலைவர் பெரும்படையுடன் கடற்கரை வரை பாய்ந்தார். லின்வில் துறைமுக ஊர் தீக்கிரையாயிற்று. மக்கள் படகேறி உயிர் தப்பினர். அவ்வூர் மீண்டும் எழவேயில்லை.

ஏழாண்டுகள் கழிந்தன. 1847இல் ஜெர்மானியக் குடியேறிகளின் தலைவர் மோய்சபாக், சான் சபா ஆற்றங்கரைக்குத் தாமே சென்று கொமாஞ்சித் தலைவர்களைச் சந்தித்தார். ஒருவர் நிலத்தில் மற்றவர் அச்சமின்றி நடமாடலாம் என உடன்பாடு கண்டனர். லின்வில்லை எரித்த அதே தலைவரும் அவ்வுடன்படிக்கையில் பங்கு கொண்டார் என்பது எண்ணத்தக்கது. இரு தரப்பும் அதனைப் பெரிதும் காத்தன.

காக்கப்பட்ட அச்சொல்லும் கொமாஞ்சியரின் நிலத்தைக் காக்கவில்லை. குடியேற்றம் பெருகியது, காட்டெருமைகள் அழிக்கப்பட்டன. 1874இல் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் கைப்பற்றிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை அமெரிக்கப் படை சுட்டு வீழ்த்தியது. 1875இல் எஞ்சியோரும் சில் கோட்டையில் பணிந்தனர். எனினும் ஒன்று தெளிவு: 1840இல் தீ வைத்த கையே 1847இல் நட்புக்கு நீண்டது. மாறியது இனத்தின் இயல்பன்று. அவர்களிடம் பேசப்பட்ட சொல்லின் நேர்மையே.