ஆய்வாளர் தாக்கம்

ஆய்வாளர் தாக்கம்: சமூகவியலில், ஆய்வு செய்ய வருபவரின் வருகை, தோற்றம், கேள்வி கேட்கும் விதம் ஆகியவற்றால் ஆய்வுக்கு உட்படுவோரின் பேச்சும் நடத்தையும் மாறுவது.

இது முதலில் பேசுபொருளானது தொழிற்சாலையில். சிகாகோவை அடுத்த ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் விளக்கொளியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். இரண்டிலுமே உற்பத்தி ஏறியதாகக் கூறப்பட்டது. 1927இல் ஐந்து பெண்களைத் தனி அறையில் அமர்த்திச் சோதனை தொடர்ந்தது. தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வே உற்பத்தியைக் கூட்டியது என்ற விளக்கம் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. பேச்சு அதிகம் என்று 1928 தொடக்கத்தில் இருவரை மாற்றியதையும், கூலிக் கணக்கு அந்தச் சிறு குழுவுக்கென மாறியதையும் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

இந்தியக் கிராம ஆய்வுகளில் கேள்வி வேறு: வந்தவர் யார் வீட்டில் தங்கினார்? மைசூர்ப் பக்கம் ராம்புராவில் 1948இல் தங்கிய சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ், ஊர்த்தலைவரின் ஆதரவில் இருந்தார். ஊரை மேல்சாதியினர் பக்கமிருந்தே பெரிதும் பார்க்க நேர்ந்ததை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 1961-62இல் தஞ்சை மாவட்டத்தில், ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயரிட்ட ஊரில் ஆய்ந்த ஆந்த்ரே பெத்தேயின் நிலை இன்னும் சிக்கல். அக்ரகாரத்தில் வீடு கிடைத்தது; பிராமணரல்லாத வெளியாளுக்கு அது அரிய சலுகை. ஆனால் அந்தத் தெருவில் குடியிருப்பவர் என்ற அடையாளமே, சேரியில் அவர் இயல்பாகப் பழகத் தடையானது. ஊருக்குள் பொதுவான வாசல் என்று ஒன்று கிடையாது.

பஞ்சாபில் 1950களில் நடந்த கன்னா கருத்தடை ஆய்வில் தாக்கம் மரியாதை வடிவில் வந்தது. ஆய்வுக்கு உட்பட்ட ஊர்களில் ஒன்றான மனுப்பூரின் மக்கள் மாத்திரைகளை வாங்கிக்கொண்டார்கள், பலர் பயன்படுத்தவில்லை. தொலைவிலிருந்து வந்தவர்கள் மனம் நோகக்கூடாதே என்பதும் ஒரு காரணம். மாத்திரைப் பெட்டிகளை அடுக்கி ஒருவர் சிற்பமே செய்து வைத்திருந்ததை மஹ்மூத் மம்தானியின் 1972ஆம் ஆண்டு நூல் பதிவு செய்கிறது. கணக்கேட்டில் அவை ‘ஏற்றுக்கொண்டவர்’ எண்ணிக்கை!

ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதி ஆலை ஆய்வு, கிராம ஆய்வு என்ற இரு மரபுகளும் சந்திக்கும் இடம். சிப்காட் வளாகத்தில் எச்.ஆர். அலுவலர் அழைத்துவந்த ஆய்வாளரிடம், அந்த அலுவலரும் பக்கத்தில் நிற்கையில், கான்ட்ராக்ட் தொழிலாளி ஓவர்டைம் பற்றி மனம்திறப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. சங்க அலுவலகம் வழியாகப் போனால் குறைகள் முன்னால் வரும். பெண்கள் விடுதிக்கு வார்டனோடு போனால் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். மொழியும் சேர்ந்துகொள்கிறது. தளி, பாகலூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பலரிடம் கேள்வித்தாளைத் தமிழில் நீட்டினால், அரசு ஆள் வந்திருக்கிறார் என்று எண்ணி ரேஷன் அட்டையை எடுத்துவரக்கூடும்.

அதனால் கவனமுள்ள ஆய்வாளர்கள் ஒரே கேள்வியை ஆலைக்குள் ஒருமுறையும், ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வேளையில் மறுமுறையும் கேட்கிறார்கள். இரு விடைகளையும் எழுதி, எப்போது, யார் முன்னிலையில் பெற்றது என்பதையும் குறித்துவைப்பது வழக்கம்.