தீர்ந்துபோகும் இணைப்புகள்

டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுத் தொலைபேசியின் அருகிலேயே மணிக்கணக்கில் காத்திருந்த காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரு ஊர்களுக்கிடையே இருந்த கம்பிகள் சில. பேச விரும்பியவர்களோ பலர். “லைன் இல்லை” என்ற பதிலுக்கு அதுவே காரணம். இன்று அந்தக் காத்திருப்பு மறைந்துவிட்டது. ஆனால் தேர்வு முடிவு வெளியாகும் காலையில் இணையதளத்தைத் திறந்துவிட்டு, எதுவும் தோன்றாத வெண்திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போர் இன்றும் உண்டு. கணிப்பொறி பழுதாகவில்லை, மின்சாரமும் இருக்கிறது. பல வேளைகளில் உள்ளே நடப்பது பழைய டிரங்க் கால் கதையேதான்: லைன் இல்லை!

இந்த நோய்க்கு நாடி பிடித்துப் பார்க்கும் முறையை உலகுக்குக் கற்பித்தவர் டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் ஒருவர். கணிப்பொறி என்ற கருவி பிறப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார் என்பதுதான் வியப்பு.

கோபன்ஹேகனில் ஒரு கேள்வி

அக்னர் குராரூப் எர்லாங் 1878-ஆம் ஆண்டு பிறந்தார். பட்டம் பெற்ற பின் சில ஆண்டுகள் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1908-இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நிறுவனத்தின் முன் அப்போது நின்ற கேள்வி எளியது, விடைதான் எளிதன்று. ஒரு தொலைபேசி நிலையத்துக்கு எத்தனை இணைப்புக் கம்பிகள் வேண்டும்? ஆளுக்கொன்று என்றால் செலவு தாங்காது. குறைத்துவிட்டால் மக்கள் சினம் கொள்வர்.

எர்லாங் முதலில் அழைப்புகளின் இயல்பை ஆராய்ந்தார். அழைப்பவர்கள் ஒருவரையொருவர் கலந்துகொண்டு அழைப்பதில்லை. ஆகவே சில நிமிடங்களில் நெருக்கடி, சில நிமிடங்களில் அமைதி என்று அழைப்புகள் தாறுமாறாக வருகின்றன. இந்தத் தாறுமாறுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை நிகழ்தகவுக் கணிதத்தின் துணைகொண்டு 1909-இல் அவர் காட்டினார். 1917-இல் புகழ்பெற்ற சூத்திரங்களை வெளியிட்டார். லைன் இல்லாதபோது அழைப்பை மறுத்துவிடும் நிலையத்துக்கு ஒன்று. காத்திருக்க வைக்கும் நிலையத்துக்கு மற்றொன்று. 1929-இல் அவர் மறைந்தார். 1946-இல் தொலைபேசி நெரிசலின் அலகுக்கு எர்லாங் என்றே பெயர் சூட்டப்பட்டது.

அந்த அலகின் பொருள் என்ன? ஒரு வினாடிக்கு எத்தனை அழைப்புகள் வருகின்றன என்பதை, ஓர் அழைப்பு எத்தனை வினாடி லைனைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதால் பெருக்க வேண்டும். கிடைப்பது சராசரியாக எத்தனை லைன்கள் ஈடுபட்டிருக்கும் என்ற எண். இதே பெருக்கல் தொலைபேசிக்கு மட்டுமன்றி எல்லா வகை வரிசைகளுக்கும் பொருந்தும் என்பதை 1961-இல் அமெரிக்கரான ஜான் லிட்டில் நிறுவினார்.

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். மொத்தம் 5 எர்லாங் நெரிசல்; லைன்கள் 10. எர்லாங்கின் சூத்திரப்படி ஏறத்தாழ நூற்றுக்கு 2 அழைப்புகளே மறுக்கப்படும். அதே 10 லைன்களை இரண்டாகப் பிரித்து, ஐந்து லைன்களுக்கு 2.5 எர்லாங் வீதம் ஒதுக்கினால், நூற்றுக்கு 7 அழைப்புகள் மறுக்கப்படும். லைனும் கூடவில்லை, கூட்டமும் கூடவில்லை. பிரித்ததால் மட்டுமே இந்த இழப்பு. பொதுவில் வைத்துப் பங்கிட்டால் குறைந்த பொருள் நிறைந்த பயன் தரும்.

கணிப்பொறிக்குள் தொலைபேசி நிலையம்

1990-களில் இணையதளங்கள் பெருகின. தகவல்களைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம் பெரும்பாலும் தனிக் கணிப்பொறியில் இருக்கும். பக்கத்தை உருவாக்கும் நிரல், அந்தத் தரவுத்தளத்துடன் ஓர் இணைப்பை ஏற்படுத்தி, வேண்டியதைக் கேட்டுப் பெறும். 1993-இல் தோன்றிய சி.ஜி.ஐ. என்ற முறையில் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு நிரல் புதிதாக ஓடி முடியும். ஆகவே இணைப்பும் ஒவ்வொரு முறையும் புதிதாகவே உண்டாகி மறையும்.

இணைப்பு உண்டாவது எளிதான செயல் அன்று. இரு கணிப்பொறிகளும் செய்தி பரிமாறிக்கொள்ள வேண்டும். கடவுச்சொல் சரிபார்க்கப்பட வேண்டும். போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனிப் பணி ஒன்று தொடங்கி, நினைவகமும் ஒதுக்கப்பட வேண்டும். கேட்கும் கேள்வி சில மில்லி வினாடிகளில் முடிந்துவிடும்; அதற்கான ஏற்பாடோ அதைவிட நீளும்.

எனவே பொறியாளர்கள் பழைய வழிக்கே வந்து சேர்ந்தனர். சில இணைப்புகளை முன்கூட்டியே ஏற்படுத்தித் திறந்தே வைத்திருப்பது. வேண்டிய நிரல் ஒன்றை எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுப்பது. இதைக் கனெக்ஷன் பூல் என்பர். குளம் என்று மொழிபெயர்த்தால் பொருள் பிறழும். பொதுவில் வைத்து மாறி மாறிப் பயன்படுத்துவது என்பதே கருத்து. மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விடும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் பத்து சைக்கிள்தான். தெரு முழுவதும் ஓட்டுகிறது.

இணையவழித் தொலைபேசி நிறுவனம் ஒன்றே இந்த முறைக்குச் சிறந்த கருவியை அளித்தது பொருத்தமே. 2003-இல் தொடங்கி 2025-இல் சேவையை முடித்துக்கொண்ட ஸ்கைப் நிறுவனத்தில் உருவான பி.ஜி.பவுன்சர் என்னும் பூல் நிரல், 2007-இல் வெளியாயிற்று. இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

சைக்கிள்கள் எங்கே போயின?

பூல் காலியாகிவிட்டால் வேண்டுகோள்கள் வரிசையில் நிற்கும். குறித்த நேரம் கடந்தால் பிழைச்செய்தி வரும். அப்போது தோன்றும் முதல் எண்ணம், இணைப்புகளின் எண்ணிக்கையை உயர்த்துவோம் என்பதே. ஆனால் எர்லாங்கின் பெருக்கலில் இரண்டு எண்கள் உள்ளன. வினாடிக்கு 100 வேண்டுகோள்கள் வந்து, ஒவ்வொன்றும் 50 மில்லி வினாடி இணைப்பைப் பிடித்து வைத்தால், 5 எர்லாங். பத்து இணைப்புகள் தாராளம். கூட்டம் சற்றும் கூடாமல், பிடித்திருக்கும் நேரம் மட்டும் 500 மில்லி வினாடியானால் 50 எர்லாங்! ஆகவே “எத்தனை பேர் வந்தார்கள்?” என்பதோடு “எவ்வளவு நேரம் பிடித்திருந்தார்கள்?” என்றும் கேட்க வேண்டும்.

நோய்க்குறிகள் மூன்று வகைப்படும். கூட்டம் ஏறும்போது நெருக்கடி ஏறி, குறையும்போது குறைந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு கேள்வி நீண்ட நேரம் எடுக்கிறது. அட்டவணைக்குச் சொல்லடைவு போன்ற சுட்டு இல்லாமல் முழுவதும் தேடுவது ஒரு காரணம். இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டே வேறொரு நிறுவனத்தின் கணிப்பொறியிடம் பதில் கேட்டுக் காத்திருப்பது மற்றொரு காரணம். சைக்கிளை நிறுத்திவிட்டுச் சினிமா பார்ப்பதற்கு இது ஒப்பாகும்.

ஈடுபட்டுள்ள இணைப்புகள் படிக்கட்டுப்போல் ஏறி, நள்ளிரவிலும் இறங்காமல் நின்றால், அது கசிவு. நிரலின் நடுவில் பிழை நேர்ந்து, திருப்பிக் கொடுக்கும் வரி ஓடாமலே போய்விடுகிறது. ஆயிரத்தில் ஒரு வேண்டுகோள் இவ்வாறு தவறினாலும், வினாடிக்கு 100 வேண்டுகோள்கள் வரும் தளத்தில் 10 வினாடிக்கு ஓர் இணைப்பு போய்விடும். 20 இணைப்புகளும் 200 வினாடிகளில் தீரும். நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் குணமானதுபோல் தோன்றி, மறுபடி வரும். பிழை நேர்ந்தாலும் நேராவிட்டாலும் திருப்பிக் கொடுக்கும்படி நிரலைத் திருத்துவதே மருந்து.

அமைதியான இரவுக்குப் பின் காலையின் முதல் வேண்டுகோள்கள் மட்டும் தோற்றால், இறந்த இணைப்பு எனக் கொள்ளலாம். நெடுநேரம் சும்மா இருந்த இணைப்பை இடையிலுள்ள பாதுகாப்புக் கருவி சத்தமின்றித் துண்டித்திருக்கும். பூல் அதை உயிருள்ளதாக நம்பியிருக்கும். கொடுக்குமுன் சோதிப்பதும், வயதான இணைப்பை மாற்றுவதும் தீர்வு.

இவற்றை ஆராயாமல் எண்ணிக்கையை உயர்த்தினால் என்ன ஆகும்? நான்கு செயல்மையங்கள் கொண்ட தரவுத்தளக் கணிப்பொறி ஒரே கணத்தில் நான்கு வேலைகளைத்தான் செய்ய முடியும். இருநூறு இணைப்புகள் ஒருங்கே வேலை கொடுத்தால், அது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதிலேயே நேரத்தைச் செலவிடும். ஒவ்வொரு வேலையும் தாமதமாகும், பிடிக்கும் நேரம் கூடும், எர்லாங்கும் கூடும். நோய்க்கே உணவிட்டதாக முடியும். மேலும் போஸ்ட்கிரஸ் தானாக அனுமதிக்கும் வரம்பு 100 இணைப்புகளே. தலைக்கு 30 இணைப்புகள் கேட்கும் நிரல்கள் நான்கு ஓடினால், நான்காவது நிரல் வாசலிலேயே நிற்கும்.

எர்லாங் கேட்டது லைனின் எண்ணிக்கையை. அவர் அளந்ததோ லைன் ஈடுபட்டிருந்த நேரத்தையும் சேர்த்து. தொலைபேசிக் கம்பிகள் கண்ணுக்குத் தெரியும். இன்றைய இணைப்புகள் தெரிவதில்லை. ஆனால் எடுத்தவர் யார், எப்போது எடுத்தார், எப்போது திருப்பினார் என்று குறித்து வைக்கும் ஏட்டைச் சைக்கிள் கடைக்காரர்கூட வைத்திருப்பார். அந்த ஏடு இல்லாத தளத்தில் எத்தனை இணைப்புகள் வாங்கிப் போட்டாலும், ஒருநாள் “லைன் இல்லை” என்ற பழைய குரல் கேட்கவே செய்யும்.