சிறுமூளையின் வேலையைக் காட்டிய போர்

கண்களை மூடிக்கொண்டு, நீட்டிய கையின் சுட்டுவிரலால் உங்கள் மூக்கு நுனியைத் தொடுங்கள். இதில் என்ன வியப்பு என்று தோன்றும். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் இசைந்து இயங்க வேண்டும்; ஒரு தசை இழுக்க, அதன் எதிர்த்தசை உரிய கணத்தில் தடுக்க வேண்டும். அப்போதுதான் விரல் குறி தவறாது போய் நிற்கும். இந்த இசைவுக்குப் பெரிதும் பொறுப்பேற்பது, தலையின் பின்புறம் பெருமூளைக்கு அடியில் அமைந்த சிறுமூளை.

பிரெஞ்சு உடலியல் அறிஞர் ஃபுளூரான்ஸ், புறாக்களின் சிறுமூளையைச் சிறிது சிறிதாக அகற்றிப் பார்த்தார். அவற்றின் அசையும் ஆற்றல் போகவில்லை. ஆனால் நடை தள்ளாடிற்று, பறத்தல் ஒழுங்கு கெட்டது. சிறுமூளை அசைவை உண்டாக்குவதில்லை, ஒழுங்குபடுத்துகிறது என்று 1824இல் அவர் எழுதினார். ஆனால், 'உனக்கு என்ன செய்கிறது?' என்று புறாவைக் கேட்க முடியாதல்லவா?

கேட்கும் வாய்ப்பு முதல் உலகப் போரில் வந்தது. வருந்தத்தக்க வாய்ப்புதான். அயர்லாந்தில் பிறந்த நரம்பியல் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ், பிரான்சில் பிரிட்டிஷ் படையினருக்குச் சிகிச்சை அளித்து வந்தார். பின்தலையில் குண்டடிபட்ட இளைஞர்கள் பலர் அவரிடம் வந்தனர். பெருமூளையின் ஒரு பாதி உடலின் எதிர்ப்பக்கத்தை ஆள்கிறது. சிறுமூளையோ தன் பக்கத்தையே ஆள்கிறது. வலப்பக்கச் சிறுமூளை சிதைந்தால் வலக்கைதான் கெடும். ஆகவே, ஒரே மனிதனின் நல்ல கையையும் கெட்ட கையையும் ஹோம்ஸால் ஒப்பிட முடிந்தது. அவரது விரிவான கட்டுரை 1917இல் வெளிவந்தது.

அவர் கண்டது யாது? கெட்ட கையில் தசைகள் தளர்ந்திருந்தன. அசைவு தாமதமாகத் தொடங்கியது. தொட வேண்டிய இடத்தைத் தாண்டிச் சென்றது. ஓய்வில் இல்லாத நடுக்கம், விரல் இலக்கை நெருங்க நெருங்க மிகுந்தது. இன்னொரு சோதனை இன்னும் தெளிவானது. நோயாளி முழங்கையை மடக்கித் தன்பக்கம் இழுப்பார். மருத்துவர் மணிக்கட்டைப் பிடித்துத் தடுப்பார். பிறகு சட்டென்று விட்டுவிடுவார். நல்ல கை உடனே நின்றுவிடும். கெட்ட கையோ நோயாளியின் மார்பிலோ முகத்திலோ போய் மோதும். வலிமை இருக்கிறது, தடை இல்லை.

விரலில் சிறு மின்விளக்கைப் பொருத்தி ஒளிப்படமும் எடுத்தார் ஹோம்ஸ். நல்ல கை ஒழுங்கான கோடு வரைந்தது. மற்றது நெளிந்து நெளிந்து சென்றது.

எனினும், எந்தப் படமும் சொல்லாததை வலப்பக்கம் காயமுற்ற ஒருவர் சொன்னார். இடக்கை தன்னியல்பாகவே வேலை செய்கிறது. வலக்கைக்கோ ஒவ்வோர் அசைவையும் யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்றார். அவர் கூறியதை ஹோம்ஸ் 1939இல் பதிவு செய்தார்.