பொம்மை சாகலாமா? பலேர்மோவில் செவிலியர் பயிற்சியும் இறுதிக்காலப் பராமரிப்பும்

நார்வேயில் விளையாட்டுப் பொம்மைகள் செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லார்டால் 1960-ல் 'ரெசஸி ஆன்' என்ற பயிற்சிப் பொம்மையை உருவாக்கினார். நின்றுபோன மூச்சை மீட்கக் கற்றுக்கொடுப்பது மட்டுமே அதன் வேலை. அதற்குத் தூண்டுகோலாக இருந்த மருத்துவர் பீட்டர் சாஃபர் பின்னாளில் பிட்ஸ்பர்க்கில் பணியாற்றினார். அதே பிட்ஸ்பர்க்கின் பல்கலைக்கழக மருத்துவ மையமும் சிசிலியும் கைகோத்து 1997-ல் பலேர்மோவில் தொடங்கியதுதான் இஸ்மெட் உறுப்பு மாற்று மருத்துவமனை. அங்கே ரெனாத்தோ ஃபியாந்தாக்கா பெயரில் ஒரு பாவனைப் பயிற்சி மையமும் உண்டு.

உயிரை மீட்பதற்கென்றே பிறந்த கருவி, சாவின் பக்கத்தில் நிற்கக் கற்றுத்தருமா? பாதி தரும்.

இத்தாலியில் இது சட்டம் எழுப்பும் கேள்வியும்கூட. 2010-ன் 38-ஆம் சட்டம் வலி தணிப்புச் சிகிச்சையை உரிமையாக்கியது. 2017-ன் 219-ஆம் சட்டம் ஒரு படி மேலே போய், மருத்துவர் நோயாளியோடு பேசும் நேரத்தையும் சிகிச்சை நேரமாகவே கணக்கிட்டது. பேசும் பயிற்சியைச் செவிலியர் கல்வியிலும் சேர்க்கச் சொன்னது.

மானிட்டர் அலறினால் பயிற்சி பெற்ற கை தானாக நெஞ்சை அழுத்தப் போகும். இறுதிக்காலப் பயிற்சியில் முதலில் அடக்க வேண்டியது அந்தக் கையைத்தான். பொம்மை எதிர்பாராமல் செத்தால் மாணவர் மனம் உடைவார் என்று தயங்கும் ஆசிரியர்கள் உண்டு. உயிர்மீட்புப் பாடத்தில் அந்தத் தயக்கம் நியாயமே. இங்கே சாவே பாடம். பொம்மை செத்தாக வேண்டும். விட்டுவிட்டு வரும் மூச்சு, தொண்டையின் கறகறப்பு, ஒருக்களித்துப் படுக்க வைப்பது, மார்ஃபின் அளவு என இவற்றையெல்லாம் அதை வைத்தே பழகலாம்.

கட்டிலருகே நிற்கும் மகனைப் பொம்மையால் நடிக்க முடியாது. அதற்கு மனிதர் வேண்டும். நோயாளியாக நடிக்க ஆட்களைப் பழக்கும் முறையை ஹோவர்ட் பாரோஸ் 1960-களிலேயே லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிவிட்டார்.

பலேர்மோவில் அந்த மகன் தமிழ் பேசுபவராகவும் இருக்கலாம். துறைமுகத்துக்கு மேலே எழும் பெல்லெக்ரினோ மலையில் புனித ரொசாலியாவை வணங்க ஈழத்து இந்துக்களும் ஏறுகிறார்கள். 1980-கள் தொட்டு வந்து குடியேறியவர்களில் பலர் சிசிலிய முதியவர்களைப் பராமரித்துப் பிழைத்தவர்கள். இப்போது அவர்களுக்கே வயதாகிறது.

பயிற்சிக்கு ஒரு காட்சி வைக்கலாம். "அப்பாவுக்குக் கொஞ்சம் பால் பருக்கலாமோ?" என்று மகன் கேட்கிறார். விழுங்க முடியாதவருக்குப் பால் கொடுத்தால் புரையேறும். செவிலியர் வாயில் வருவது "கூடாது" என்ற ஒற்றைச் சொல். பஞ்சுக்குச்சியில் ஒரு துளி நனைத்து, மகன் கையாலேயே உதட்டில் தடவச் சொல்லலாம் என்பது யாராவது காட்டித்தந்தால்தான் தோன்றும். அதே அறையில் இத்தாலியப் பள்ளியில் படிக்கும் பேத்தி நிற்கிறாள். "தாத்தா பிழைக்கமாட்டார்" என்பதை அவளை விட்டு மொழிபெயர்க்கச் சொல்கிற செவிலியருக்கு, மார்ஃபின் அளவு சரியாக இருந்தாலும் தேர்ச்சி கொடுக்கக் கூடாது. இந்தக் காட்சிக்குத் தேவை தமிழ் தெரிந்த இரண்டு நடிகர்களும் ஒரு மொழிபெயர்ப்பாளரும். விலை உயர்ந்த பொம்மை வாங்கும் மையத்துக்கு அது பெரிய செலவல்ல.