ஆவாரம்பட்டையும் தோலும்

பட்டுத்தறிகளுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தை அடுத்தது எங்கள் திருப்புட்குழி. இங்கே என் துணைவியார் அண்மையில் பொழுதுபோக்காகத் தோல் வேலையைத் தொடங்கியிருக்கிறார். முகம் சுளித்தோரும் உண்டு. தோலைத் தொட்டவரை ஒதுக்கிவிட்டு, அவர் தைத்த செருப்பை மாட்டிக்கொண்டு நடந்த சமூகமல்லவா நம்முடையது!

அவர் வாங்கிய இரு தோல்களையும் நனைத்து, பூ அச்சை வைத்துத் தட்டினோம். ஒன்றில் பூ அப்படியே நின்றது. மற்றதில் சற்று நேரத்தில் மங்கி மறைந்தது. காரணம் என்ன? வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். முதல் தோல் உள்ளே பழுப்பு; மற்றது நீலச்சாம்பல். இவ்விரு நிறங்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

பச்சைத்தோல் கொல்லாஜன் என்னும் புரத நார்களால் ஆனது. அப்படியே விட்டால் அழுகும். நீரிலிட்டுச் சூடாக்கினால் ஏறத்தாழ 65° செ. அளவில் சுருங்கிவிடும். நம் நாட்டார் ஆவாரம்பட்டை ஊறிய நீரில் அதைப் பல நாள் பதனிட்டனர். பட்டையிலுள்ள டானின் நார்களோடு சேர்ந்து, அவற்றின் இடைவெளிகளையும் நிரப்புகிறது. டானினின் செயலை ஆராய்ந்து 1803-இல் கட்டுரை வெளியிட்டவர், பிற்காலத்தில் சுரங்க விளக்கால் புகழ்பெற்ற ஹம்ப்ரி டேவி. பம்பாயிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த காசுக்கட்டியில் டானின் மிகுந்திருப்பதை அவர் கண்டார். வெற்றிலையோடு மெல்லும் அதே காசுக்கட்டிதான்! அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தின் ஆவாரந்தோல் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போயிற்று.

1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. தோல் கொதிநீரையும் தாங்கிற்று. 1900-களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் இம்முறையைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். நீரில் எளிதில் இற்றுப்போகாததால், கவலை இறைக்கும் தோல் சாலுக்கு அது ஏற்றதாயிருந்தது.

இனி நம் பூ அச்சுக்கு வருவோம். குரோமியம் நார்களைக் குறுக்கே பிணைக்கிறது. அழுத்தினால் அவை வில்போல் மீள்கின்றன. இது மீள்தன்மை. டானின் ஏறிய நார்களோ ஈரத்தில் நழுவி இடம் மாறி, காய்ந்ததும் அங்கேயே நின்றுவிடுகின்றன.

கழிவிலும் வேற்றுமை உண்டு. ஆவாரங் கழிவும் நீரைக் கெடுப்பதே. ஆனால் டானின் மெல்லச் சிதையும். குரோமியம் தனிமம், அது சிதைவதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்தப் பாலாறுதான் ராணிப்பேட்டையைக் கடந்து எங்கள் காஞ்சிபுரம் பக்கம் வருகிறது.