பிரான்மலை

பிரான்மலை, சிவகங்கை மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டிச் சிங்கம்புணரி வட்டத்தில் அமைந்துள்ள, ஏறத்தாழ 2,500 அடி உயரமுள்ள தனிமலையாகும். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகச் சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள இம்மலையில் காலையில் ஏறத் தொடங்கி மாலைக்குள் இறங்கிவிட இயலும் என்பதால், கண்மாய்களும் செம்மண் காடுகளுமாகச் சமநிலமாகக் கிடக்கும் செட்டிநாட்டுப் பகுதியினருக்கு இது எட்டும் தொலைவிலுள்ள மலையேற்றத் தலமாக விளங்குகிறது.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பாரி ஆண்ட பறம்புமலை இதுவே என்பது நெடுநாளைய மரபு. பறம்பை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது கபிலர் பாடிய பாடல்களுள் ஒன்றான புறநானூற்று 109ஆம் பாட்டு, உழவர் உழாமலே மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கும் தரும் மலையாக அதனைக் காட்டுகிறது. நாற்புறமும் செங்குத்தான பாறை சூழ நிற்கும் மலையை நேரில் காண்பவர்க்கு, படை வலியால் கொள்ளுதற்கு அரியது என்று கபிலர் கூறியதன் பொருள் எளிதில் விளங்கும். சித்திரைத் திருவிழாவில் பாரி முல்லைக்குத் தேர் ஈந்த நிகழ்ச்சி இன்றும் இங்கு விழாவாக நடத்தப்படுகிறது.

தேவாரத்தில் இம்மலை திருக்கொடுங்குன்றம் எனப்படும். 7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் பாடிய இத்தலம், பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் பதினான்கனுள் ஒன்று. குன்றக்குடி ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ளது. அடிவாரத்தில் கொடுங்குன்றநாதரும் குயிலமுதநாயகியும், நடுவே வைரவரும், மேலே பாறையைக் குடைந்தமைத்த கருவறையில் மங்கைபாகரும் எழுந்தருளியிருக்க, கோயில் மூன்று அடுக்குகளாக மலைச்சரிவில் ஏறிச் செல்கிறது; இவ்வடுக்குகளைப் பாதாளம், பூமி, கயிலாயம் எனக் கொள்வது வழக்கம். திருமணக் கோலத்திலுள்ள மங்கைபாகர் திருமேனி நவபாசாணத்தால், அதாவது ஒன்பது வகை நச்சுப் பொருள்களைக் கட்டிச் செய்யும் சித்தர் மரபுக் கலவையால் ஆனதென்பர்.

மலையேற வருவோர் பெரும்பாலும் கவனியாமல் கடந்து செல்வதும், வரலாற்று நோக்கில் இம்மலையின் தலையாய செல்வமும், கோயிலிலுள்ள 13ஆம் நூற்றாண்டு வணிகக் கல்வெட்டாகும். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் கூடி, தாங்கள் வாங்கி விற்கும் சரக்குகளின் மீது ஒரு சிறு பங்கைக் கோயிலுக்கு வழங்க உடன்பட்டதை அது பதிவு செய்கிறது. அவ்வாறு தாமே விதித்துக்கொண்ட பங்கு பட்டணப்பகுதி எனப்பட்டது. உப்பு, அரிசி, பாக்கு, மிளகு, இரும்பு, பஞ்சு, நூல், புடவை, மெழுகு, தேன் என உள்நாட்டுப் பொருள்களும், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், கற்பூரத் தைலம் போன்ற தொலைவழிச் சரக்குகளும், யானை, குதிரை ஆகியவையும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. கடலிலிருந்து இத்தனை உள்ளே, ஒரு மலையடிவாரத்தில் இவையனைத்தும் கணக்கில் ஏறியிருப்பது, செட்டிநாட்டு நகரத்தார் கடல்கடந்த வணிகத்தில் பெயர்பெறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்நிலப்பகுதி பெருவணிக வழிகளோடு பிணைந்திருந்ததற்கு உறுதியான சான்றாகும். படியேறுமுன் சிறிது நேரமேனும் அக்கல்வெட்டின் முன் நிற்பது தகும்.

கோயிலைக் கடந்த பின்னர் வழி முள்மரக் காட்டினூடாகவும், மேலே செல்லச் செல்ல வெறும் பாறைமீதும் செல்கிறது. உச்சியில் சேக் அப்துல்லா அவர்களின் தர்கா உள்ளது. இசுலாமியரோடு பிற சமயத்தாரும் அங்குச் சென்று வழிபடுகின்றனர். நிழல் குறைந்த மலையாதலால் கோடையில் விடியற்காலையிலேயே ஏறத் தொடங்குவதும், குடிநீரை அடிவாரத்திலிருந்தே எடுத்துச் செல்வதும் இன்றியமையாதவை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் சுற்றுப்புறக் கண்மாய்கள் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களே ஏற்ற பருவம். ஆனால் மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் பாறை வழுக்கும் என்பதால் மேற்பகுதிக்குச் செல்வதைத் தவிர்க்க வேண்டும்.